கை கழுவப் போனவர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் வீட்டுக்காரரைப் பற்றிய கதை. 'எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம்' என்று நான் எங்காவது சுற்றி வளைத்தால் நம்பாதீர்கள். எழுதச் சொன்னதே அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் நாத்தனார் வீட்டிலிருந்து திரும்பி வரும் பேருந்தில் சொன்னார்.

அன்று அந்த வீட்டில் நடந்தது இவ்வளவுதான். நாத்தனாரின் பெண்குழந்தைக்கு ஒன்பது மாதம். கூடத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டு ஒரு கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"அண்ணா, இங்க பாரேன், உன்கிட்ட கை நீட்டுறா!" என்றாள் நாத்தனார்.

இவர் குழந்தையைப் பார்த்தார். "கை கழுவிட்டு வர்றேன்" என்று சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை அவர் நின்றிருந்த இடத்தைப் பார்த்துக் கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் நான்தான் தூக்கினேன். அவர் வெளியே வந்தபோது சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. நேரே வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பலாமா?" என்றார். மனுஷர் ஓடிவிட்டார், கை கழுவிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன், அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தத்திலும்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை பற்றிக் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்" என்பார். பிடி கொடுக்காத பேச்சு. எனக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. டாக்டரம்மா, "இனிமே தள்ளிப்போடாதீங்கம்மா, வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம், ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பேருந்தில் அதைத்தான் கேட்டேன்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. வேணாம்னாலும் வாயைத் திறந்து சொல்லுங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீதான் கதை எழுதுறியே. எனக்குக் குழந்தை பொறந்த மாதிரி ஒண்ணு எழுதேன். அதுல நான் என்ன பண்றேன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

விளையாட்டு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

2

முதல் தொடக்கம்: அவன் கை நீட்டினான்.

அங்கேயே மாட்டிக்கொண்டேன். நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். ஒற்று மிகுமா, மிகாதா என்று பார்த்துப் பார்த்து, மருந்துக்கடைப் பலகையைக்கூட நிம்மதியாகப் படிக்க முடியாத ஜென்மம். அடுத்தவர் எழுதிய வரியில் இப்படி ஒன்று வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பிவிடுவேன்: 'யார்மேல்? யாரிடம்? தெளிவுபடுத்தவும்.'

குழந்தை கை நீட்டினால் 'என்னைத் தூக்கு'. இல்லாதவன் கை நீட்டினால் 'ஏதாவது கொடு'. ஆண்பிள்ளை பெண்டாட்டி பிள்ளைகள்மேல் கை நீட்டினால் அடி. "எங்க வீட்டுக்காரர் என்ன வேணா பேசுவார், ஆனா இதுவரைக்கும் கை நீட்டினதில்ல" என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு அக்கா பெருமையாகச் சொல்வார். நடுவில் ஒரு 'மேல்' வருகிறதா இல்லையா என்பதில் ஒரு வீட்டின் கதையே மாறிவிடுகிறது.

(இவ்வளவு இலக்கணம் கதைக்குத் தேவையா? தேவை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது தொடக்கம்: மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்த— வேண்டாம். வெயிலுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

மூன்றாவது தொடக்கம்: அவன் ஒரு நாளைக்கு நூறு பேரிடமாவது "கையை நீட்டுங்க" என்று சொல்கிறவன்.

இது உண்மை. இவருக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி போட்டு ரத்தம் எடுப்பவர். ரப்பர் பட்டையைக் கட்டி, விரல் நுனியால் நரம்பைத் தடவிப் பார்த்து, ஒரே குத்து. பெரியவர்களுக்கு யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். சின்னக் குழந்தை வந்தால் உள்ளேயிருந்து இவரைத்தான் கூப்பிடுவார்கள். "எறும்பு கடிக்கும், அவ்வளவுதான்" என்பார். அதனால் குழந்தைகள் மத்தியில் இவர் பெயர் எறும்பு மாமா.

ஒரு தடவை நான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது பார்த்தேன். ஒரு சிறுமி நாற்காலியின் காலைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அழுதாள். அவள் அப்பா, "ஒண்ணு விட்டேன்னா தெரியும்" என்று கையை ஓங்கினார். இவர் அந்த மனிதரைப் பார்த்து, "சார், நீங்க வெளிய உக்காருங்க" என்றார். குரல் உயரவில்லை. அந்த மனிதர் எழுந்து போய்விட்டார். பிறகு இவர் தரையில், அந்தச் சிறுமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "நானும் இங்கதான் ஒளிஞ்சுக்கப் போறேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் அவளே கையை நீட்டினாள்.

இதைப் பார்த்தபிறகும் ஒரு பெண்ணுக்கு இவரிடம் குழந்தை வேண்டும் என்று தோன்றாமல் இருக்குமா, சொல்லுங்கள்.

3

இனி அவர் அப்பாவைப் பற்றி எழுதியாக வேண்டும். மாமனார், மாமியார் இருவரையும் நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள்.

மாமனாருக்குக் கண்ணாடிக் கடை. வீட்டின் முன்பகுதியே கடை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பார். வைரமுனையை அளவுக்கட்டையோடு சேர்த்து வைத்து ஒரே இழுப்பு, ஒரு தட்டு, கண்ணாடி இரண்டாகும். கை நடுங்கினால் பலகை வீண். அவர் கை நடுங்கியதே இல்லையாம்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் இவர் சிரித்துக்கொண்டே, "எங்கப்பா ரொம்ப சுத்தம். கை கழுவிட்டுத்தான் அடிப்பார்" என்றார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். பிறகுதான் அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை என்று புரிந்தது.

உள்ளங்கை முழுக்கக் கண்ணாடித் தூள் இருக்கும். அதோடு அடித்தால் பிள்ளையின் கன்னம் கீறும். அதனால், பையன் ஏதாவது தப்பு செய்தான் என்று தெரிந்தால், "கை கழுவிட்டு வர்றேன், இங்கயே நில்லு" என்பார். பையன் நிற்பான். தங்கை மேசைக்குக் கீழே போய்விடுவாள். குழாய் திறக்கும். அம்மா சமையலறையில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாள். குழாய் ஓடும். நன்றாகச் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவுவார். பிறகு குழாய் நிற்கும்.

இந்தப் பகுதியை நான் முதலில் எழுதியபோது 'அவர் கண்கள் கோபத்தில் சிவந்தன' என்று ஒரு வரி போட்டிருந்தேன். இவர் படித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தார்.

"கோபம்னு எழுதாத. கோபமே இருக்காது. ஒரு வேலையை முடிக்கிற மாதிரி இருக்கும்."

"உங்களுக்கு எது ரொம்ப பயம், அடியா?"

"அடி விழுந்துட்டா முடிஞ்சுது. குழாய் நிக்கிற சத்தம்தான்."

(அடிக்குறிப்பு: இதை நானே கற்பனை செய்திருந்தால், 'ரொம்ப ஜோடனையாக இருக்கிறதே, யாராவது கை கழுவிவிட்டு அடிப்பார்களா?' என்று என் ஓரக்குறிப்பே கேட்டிருக்கும். அக்கறையும் அடியும் ஒரே கையில் எப்படி இருந்தன என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. பிடிபட்டதுபோல எழுதமாட்டேன்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் இவருடைய அத்தைக்கு உடம்பு முடியவில்லை. வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்தார். ஊசி போனதே அத்தைக்குத் தெரியவில்லை. மகிழ்ந்துபோய் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் கை அப்படியே உனக்கு வந்திருக்குடா! ஒரு நடுக்கம் உண்டா பாரு!" என்றார். நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். வீட்டுக்கு வந்து இவர் வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் அழாமல் ரத்தம் கொடுக்கிறார்களே, அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்ததாம். இவருடைய பயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நல்லது மட்டும் வந்திருக்குமா என்கிறார்.

4

இந்தப் பகுதியில் ஒரு பிரமாதமான காட்சி இருந்தது. கிழவராகிவிட்ட அப்பா பரிசோதனை நிலையத்துக்கு வருகிறார். மகன், "கையை நீட்டுங்கப்பா" என்கிறான். அப்பாவின் கை நடுங்குகிறது. மகனின் கை நடுங்கவில்லை. அவன் ரப்பர் பட்டையைக் கட்டி, மெல்ல— அப்பாவின் கண்ணில்— பஞ்சை வைத்து அழுத்தியபடி—

இவரிடம் நீட்டிவிட்டு மெச்சுதலுக்காகக் காத்திருந்தேன்.

"இது நடக்கலையே" என்றார். "நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டார்."

"தெரியும். கதைதானே? கதைக்கு நல்லா இருக்கு."

"கதைக்கு நல்லாதான் இருக்கு. எனக்கு நல்லா இல்ல. எனக்குக் கிடைக்காத ஒண்ணைக் குடுத்துட்டு, இனிமே எல்லாம் சரியாயிடுச்சுங்கிற."

பக்கம் முழுக்கக் குறுக்குக்கோடு போட்டேன். "சரி, அடிச்சுட்டேன்."

"பரவால்ல, நீ அடிச்சா யாரும் அழறதில்ல" என்றார். வீட்டில் இந்த மாதிரி ஒரு சிரிப்பு நாங்கள் இருவரும் சிரிப்பதுண்டு. வெளியாள் யாராவது கேட்டால் என்ன நினைப்பார்களோ.

5

சரி, முடிவு. இரண்டு எழுதினேன்.

முடிவு (அ): அவர்களுக்கு ஒரு மகள் பிறக்கிறாள். பாலைக் கொட்டுகிறாள், சுவரில் கிறுக்குகிறாள், செருப்பைக் கடிக்கிறாள். அவன் ஒருநாளும் கை நீட்டவில்லை. காய்ச்சல் வந்தபோது அவனே அவளுக்கு ரத்தம் எடுக்கிறான். "எறும்பு கடிக்குமாப்பா?" என்று கேட்கிறாள். அவன் முகத்தில்— இப்படியே பக்கம் பக்கமாக. என் கை நிற்கவில்லை.

முடிவு (ஆ): அவர்களுக்குக் குழந்தை இல்லை. வீடு அமைதியாக இருந்தது. மாலையில் டீ குடித்தார்கள். காலம் போனது.

ஒரு ஞாயிறு காலை, இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டையும் படித்தார். நான் பாத்திரம் துலக்குகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தேன்.

"இது எந்தக் கடையில வாங்கின அப்பா?" என்றார். "ஒரு தடவைகூடக் கோபம் வரலையே இவனுக்கு."

"நீங்க அப்படித்தானே?"

"அடுத்தவங்க குழந்தைகிட்ட. அஞ்சு நிமிஷம். இவ பால் கொட்டுறா, சரி. பொய் சொல்றாளா? என்னைப் பாத்து 'போடா'ங்கிறாளா? நடுரோட்டுல கையை உதறிட்டு ஓடுறாளா? அன்னிக்கு நான் என்ன பண்றேன்னு எழுது. அதைத்தான் நான் கேட்டேன்."

அவர் தாளைப் புரட்டினார்.

"ரெண்டாவதை ஏன் இப்படி நாலு வரியில கொன்னுட்ட?"

"அதுல எழுத என்னங்க இருக்கு?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நாம ஏழு வருஷமா அதுலதானே இருக்கோம்?"

கையில் சோப்பு நுரையோடு நின்றேன். எனக்குச் சுருக்கென்றது. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "ஆமா, எனக்குக் குழந்தை வேணும்! வேணும்னு ஆசைப்படுறவகிட்டப் போய் ரெண்டு பக்கமும் நியாயமா எழுதச் சொன்னா அவ எப்படி எழுதுவா? இந்த வேலையை என் தலையில கட்டினது நீங்கதான்" என்று கத்திவிட்டேன். என் பிறந்த வீட்டில் எல்லோருமே கத்துவோம். கத்தி முடித்ததும் காப்பி கலப்போம். இவருக்கு அது இன்னும் பழகவில்லை. நான் குரலை உயர்த்தினால் இவர் பார்வை என் முகத்துக்குப் போகாது, என் கைக்குத்தான் போகும். அன்றும் போனது. நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவரே எழுந்து வந்து மீதிப் பாத்திரத்தைக் கழுவினார்.

(ஆ)வை மறுபடி எழுதினேன். இந்த முறை கஞ்சத்தனம் செய்யவில்லை. அவர் சுருதி இல்லாமல் பாடிக்கொண்டு வெங்காயம் நறுக்குவதை எழுதினேன். நான் கொண்டுவரும் மெய்ப்பில் அவர் பிழை கண்டுபிடித்துவிட்டு நாள் முழுக்கப் பீற்றிக்கொள்வதை எழுதினேன். நாத்தனார் மகள் வளர்ந்து எங்கள் வீட்டில் வந்து தங்கிச் சண்டை போட்டுவிட்டுப் போவதை எழுதினேன். பேருந்தில் யாராவது பிள்ளையை மடியில் வைத்திருந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன், அதையும் எழுதினேன். எழுதி முடித்து நன்றாக அழுதேன். அது வாழக்கூடிய வாழ்க்கைதான். ஆனாலும் எனக்கு (அ)தான் வேண்டும். இரண்டையும் ஒரே கிளிப்பில் மாட்டி வைத்தேன்.

6

அதற்குப் பிறகு அவர் முடிவுகளைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாவது (ஆ)வைப் படித்துவிட்டு, "இப்ப சரி" என்றார், அவ்வளவுதான்.

"வேற ஏதாவது தப்பு இருக்கா?" என்று கேட்டேன். மெய்ப்புக்காரியின் வழக்கமான கேள்வி.

முதல் தாளை எடுத்தார். 'மனுஷர் ஓடிவிட்டார்' என்று நான் எழுதியிருக்கிறேனே, அங்கே விரலை வைத்தார்.

"இது தப்பு."

"எது?"

"நான் ஓடல. தூக்கத்தான் போனேன்."

எனக்குப் புரியவில்லை.

"குழந்தையைத் தொடறதுக்கு முன்னாடி கை கழுவணும்ல? லேப்ல அதான பழக்கம். அவ கை நீட்டினதும் எனக்குத் தூக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அதான் கழுவப் போனேன். சோப்புப் போட்டுட்டேன். அப்பதான் என் காதுல விழுது, நான் என்ன சொல்லிட்டு வந்திருக்கேன்னு. 'கை கழுவிட்டு வர்றேன்.' அதே வார்த்தை. நகக்கண்ணைத் தேச்சுக்கிட்டு நிக்கிறேன். கூடத்துல ஒரு குழந்தை காத்துக்கிட்டிருக்கு. குழாயை மூட முடியல. மூடினா அந்தச் சத்தம் கேக்கும்ல?"

ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அந்த ஒரு நிமிடத்தை நான் முழுக்கத் தப்பாகப் படித்திருந்தேன். இவருக்கு ஆசை இருந்தது. எத்தனையோ நாள் வேணுமா, வேணாமா என்று கேட்டிருந்தேன். பயமா என்று கேட்டேனே தவிர, ஆசையா என்று கேட்கவேயில்லை. அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

முதல் பகுதியை நான் திருத்தவில்லை. தப்பு அப்படியே இருக்கட்டும், நீங்களும் நம்பினீர்கள் அல்லவா?

பிறகு அவர் ஒரு நிபந்தனை போட்டார். "இனிமே நடக்கப்போறதை நீ எழுதக் கூடாது. எழுதிட்டேன்னு வை, நான் அதை நடிச்சுக் காட்டுற மாதிரி ஆயிடும். கெட்டவனா எழுதினா பயம். நல்லவனா எழுதினா அதைவிட பயம்."

சரி என்று கையடித்துக் கொடுத்தேன்.

7

போன ஞாயிறு மறுபடி நாத்தனார் வீட்டுக்குப் போனோம். "போகலாமா?" என்று கேட்டது அவர்தான்.

குழந்தை இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இவர் தெருவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் நாத்தனாரிடம் கேட்டேன்: "நீயும் அதே வீட்டுலதானே வளர்ந்த? உனக்குப் பயமே இல்லையா?"

"யாரு சொன்னா பயமில்லைன்னு?" என்றாள். "நான் இவளைத் தூக்குறதுக்கு முன்னாடி கை கழுவறதே இல்ல அண்ணி. புடவையில துடைச்சுக்குவேன். டாக்டர்கிட்ட திட்டுகூட வாங்கியாச்சு." சிரித்தாள். "அன்னிக்கு அண்ணா குழாயைத் திறந்ததும் எனக்கு மேசைக்கு அடியில போயிடலாமான்னு இருந்துச்சு, இந்த வயசுல."

இவர் உள்ளே வந்தார். குழந்தை பார்த்தாள். ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினாள்.

இவர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். குழந்தையிடம் குனிந்து, "கை கழுவிட்டு வர்றேன்" என்றார், ஒவ்வொரு வார்த்தையாக.

சமையலறையில் குழாய் திறந்தது. நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குழாய் ஓடியது. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நான் கால் எடுத்து வைத்தேன். "இருங்க அண்ணி" என்று அவள் பிடியை இறுக்கினாள். குழந்தைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவள் நீட்டிய கையை மடக்காமல் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாய் நின்றது.

நான் கொடுத்த வாக்குப்படி இதுவரைக்கும்தான் எழுதலாம். அவர் வாசலில் வந்து நிற்கிறார். முகத்தைப் பற்றி எழுதமாட்டேன். டாக்டரம்மாவுக்கு நாங்கள் என்ன பதில் சொல்லப்போகிறோம் என்பதையும் இங்கே தேடாதீர்கள். (அ)வும் (ஆ)வும் அதே கிளிப்பில் மேசைமேல் இருக்கின்றன. அடுத்த வரியை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் குழாய் நின்றதும் என்ன நடக்குமோ, அதைத்தான் உங்கள் கை முதலில் எழுதப் பார்க்கும், என் கை பார்த்தது போலவே. அவசரப்படாதீர்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் இரண்டு கைகளையும் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் கை காயட்டும்.